ராசப்பன் வீட்டில் வைத்த மூட்டை

சாப்பிட்டுவிட்டேன் மேடம். இட்லி கொஞ்சம் கெட்டிதான், அதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது சாப்பிட்டீர்களா என்பதைத்தான், நீங்களும் இந்தப் பக்கத்துக்காரர் போலிருக்கிறது. கைது செய்து கொண்டுவந்த ஆளிடம் காக்கி உடுப்போடு அதைக் கேட்டபோது சிரிப்பு வந்தது, அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் நீங்கள் ஒப்பித்ததையும் கவனித்தேன். எதற்காகக் கைது என்று சொன்னீர்கள். வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்றீர்கள். என் மனைவி ருக்குமணிக்குப் போன் போட்டுத் தகவல் சொன்னீர்கள். ஒரு நாளுக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவோம் என்றீர்கள். நாமக்கல் கோர்ட்டில் தலை நரைக்கும்வரை கறுப்புக் கோட்டு மாட்டிய இந்த அர்த்தனாரியிடம் ஒரு இன்ஸ்பெக்டர் வாய்ப்பாடு ஒப்பிக்கிறார். இரண்டு இடத்தில் திருத்தியிருக்கலாம். புதிதாக மாற்றலாகி வந்திருக்கிறீர்கள், போகட்டும் என்று விட்டுவிட்டேன். வக்கீல் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம், நானே வக்கீல் என்பதுதான். பல் டாக்டர் தன் பல்லைத் தானே பிடுங்க முடியாது என்பார்கள் சிலர். எனக்கு அந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஏன் சொல்கிறேன் என்றால், போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது. அதோ மேசைமேல் காமிரா ஓடுகிறது, ஓடட்டும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து மட்டும் கேட்காதீர்கள். நாளைக்கு மாஜிஸ்திரேட் கேட்டால் வாயே திறக்க மாட்டேன், அது என் உரிமை. இதில் ஒரே ஒரு ஓட்டை உண்டு. நான் சொன்னதை வைத்து நீங்கள் போய் ஒரு பொருளை எடுத்துவிட்டால், பொருளைப் பற்றிச் சொன்ன அந்தப் பேச்சு மட்டும் செல்லும். வெட்டினேன் என்பது செல்லாது. அரிவாளை இன்ன கிணற்றில் போட்டேன் என்று சொல்லி, அரிவாளும் கிடைத்துவிட்டால் முடிந்தது கதை. என் கட்சிக்காரர்களில் பாதிப் பேர் இந்த ஓட்டை வழியாகத்தான் ஜெயிலுக்குள் போனார்கள். எல்லாம் வாயை அடக்கத் தெரியாத கூட்டம்.

உங்களிடம் என்ன இருக்கிறது? சோதனை வீடியோவில் ஒருவன் பார்த்த பார்வை இருக்கிறது. ராசப்பன் வீட்டில் கிடைத்த மூட்டையின் வாயைக் கட்டியிருந்த பச்சைக் கரைத் துண்டின் பாதி இருக்கிறது. அந்த மாதிரித் துண்டு பேளுக்குறிச்சிச் சந்தையில் குவித்துப்போட்டு விற்கிறார்கள். கிழிந்த ஓரத்தோடு ஓரம் பொருந்துகிற மறுபாதி கிடைத்தால் ஒழிய, அது என் துண்டு என்று உங்களால் நிரூபிக்க முடியாது. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இனி நிம்மதியாகப் பேசலாம்.

தொழிலைக் குறைத்துக்கொண்ட பிறகு மலைமேல் சட்ட விழிப்புணர்வு முகாம் நடத்த ஆரம்பித்தேன். யாரும் அனுப்பவில்லை. என் பைக், என் பெட்ரோல், என் தொண்டை. காரவள்ளியில் ஆரம்பிக்கிற அத்தனை வளைவுகளையும் ஏறி, இடுப்பு கழன்று, திண்ணனூர் நாடு என்கிற மலைக்கிராமத்துக்குப் போய் ரேஷன் கடை முன்னால் நின்று பேசுவேன். மலைக்காரர்களைப் பற்றிக் கீழே இருப்பவர்கள் கவிதை மாதிரி ஏதேதோ சொல்வார்கள். வெள்ளந்திகள் என்பார்கள். எனக்கு அந்த வார்த்தையே பிடிக்காது. வீட்டு வாசலில் ஒரு தொப்பி தெரிந்தால் போதும், இவர்கள் கதவையும் திறப்பார்கள், பெட்டியையும் திறப்பார்கள், உட்காரப் பாயையும் விரிப்பார்கள். வெற்றுத் தாளை நீட்டினால் கைநாட்டு வைத்துவிட்டு, மை துடைக்க இலை கிடைக்குமா என்று பார்ப்பார்கள். எத்தனை கேஸில் பார்த்திருக்கிறேன். இதற்குப் பெயர் முட்டாள்தனம் என்று ஒரு ஆளாவது சொல்ல வேண்டுமில்லையா, அதைத்தான் நான் சொன்னேன்.

முதல் முகாமில் எனக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள். வெள்ளைத் துண்டு, பச்சைக் கரை. ஊரே கை தட்டியது. அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை.

இரண்டாவது முகாமில்தான் ராசப்பன் வாயைத் திறந்தான். நாற்பது வயது இருக்கும். மரவள்ளி போடுவான், சவுக்குமரம் மாதிரி உயரமான மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறான். கீழ்க்குடிசைகளிலிருந்து வருகிற ஒற்றையடிப் பாதை பஸ் ரோட்டில் சேருகிற இடத்தில் முதல் வீடு அவனுடையது. நான் கூட்டத்தைப் பார்த்து, "போலீஸ் உங்க வீட்டைச் சோதனை போட வந்தா, முதல்ல நீங்க என்ன கேக்கணும்?" என்றேன். வாரண்ட் இருக்கிறதா, எதற்காகச் சோதனை, சாட்சிகள் எங்கே என்று கேட்க வேண்டும். அரைமணி நேரமாக அதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். இவன் எழுந்து நின்றான், கையைக்கூடக் கட்டிக்கொண்டான்.

"சாப்புட்டீங்களான்னு கேக்கணுங்க" என்றான்.

ஊரே சிரித்தது. ரேஷன் கடைக்காரன் சிரித்தான். இடுப்புக் குழந்தையோடு நின்றிருந்தவள் சிரித்ததைப் பார்த்து அந்தக் குழந்தையும் சிரித்தது. ராசப்பன் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். சிரிக்காமல் கேலி செய்வது ஒரு திறமை, எல்லோருக்கும் வராது. அதற்கப்புறம் நான் எப்போது மலை ஏறினாலும் ரோட்டோரத்தில் நிற்கிறவன் போகிறவன் எல்லாம், "வக்கீலய்யா, சாப்புட்டீங்களா?" என்று கேட்டான். இளங்கோ என்று ஒரு பஸ் கண்டக்டர், அவன்கூட படியில் தொங்கிக்கொண்டே கேட்டான். ஹைகோர்ட் நீதிபதி எதிரில் நின்று வாதாடியவன் நான். ஒரு மரவள்ளிக்காரன் என்னை அந்த மலை முழுக்கக் கேலிப்பொருளாக்கிவிட்டான். எனக்குக் கோபம் வரவில்லை மேடம். இவர்களுக்குப் பேச்சு ஏறாது, பட்டால்தான் தெரியும் என்று புரிந்தது, அவ்வளவுதான். கணக்கு வராத பையனைப் பலகை முன்னால் நிறுத்திப் போட வைப்பதில்லையா, அந்த மாதிரி.

உங்களுக்கு அந்த ஊர் வழக்கம் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் இந்தக் கேஸ் உங்களுக்கு விளங்காது. கீழ்க்குடிசைக்காரர்கள் சுமையோடு ஏறி வருவார்கள். பஸ் போயிருக்கும், அல்லது பாதி வழியில் மழை பிடித்துக்கொள்ளும். சுமையை ரோட்டோரத்து வீட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். வீட்டுக்காரன் உள்ளே என்ன என்று கேட்க மாட்டான், அவிழ்க்க மாட்டான், முகர்ந்துகூடப் பார்க்க மாட்டான். வைக்கிறவன் தன் துண்டை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியால் மூட்டையின் வாயைக் கட்டுவான், மறுபாதியைத் தன்னோடு கொண்டுபோவான். திரும்பி வந்து அந்தப் பாதியைக் காட்டினால் மூட்டையைக் கொடுப்பார்கள். இடையில் வேறு யார் வந்து இது யாருடையது என்று கேட்டாலும் வைத்தவன் பெயரைச் சொல்வதில்லை. என் வீட்டில் இருக்கிறது, நான்தான் பொறுப்பு என்பார்கள். கேட்டது அண்ணன் தம்பியாக இருந்தாலும் அதே பதில்தான்.

இதைக் கேள்விப்பட்டபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். யாரோ வைத்த பொருளைத் தன் பொருள் என்று ஊரறியச் சொல்கிற ஒரு ஜனம். சட்டத்தில் இதற்குப் பெயர் சுவாதீனம். பொருள் உன் வசம் இருந்தது என்று ஆகிவிட்டால், எப்படி வந்தது என்று நீதான் நிரூபிக்க வேண்டும். இவர்கள் அதை ஏதோ கவுரவம் மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

அதனால் நானும் ஒரு மூட்டை வைத்தேன்.

உள்ளே இருந்தது கஞ்சா. சும்மா பொட்டலம் இல்லை, ஜாமீன் சுலபத்தில் கிடைக்காத அளவு. பாலிதீனில் இறுக்கிச் சுற்றி, சுற்றிலும் சாமைத் தவிடு திணித்திருந்தேன். எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார்கள் என்பதெல்லாம் சொல்ல மாட்டேன். அது பொருளைப் பற்றிய பேச்சு. ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் அதில் காலை விடமாட்டான். காரவள்ளி சோதனைச் சாவடியில் வழக்கம்போல எனக்கு சல்யூட் வைத்துக் கட்டையைத் தூக்கினார்கள்.

ராசப்பன் வாசலில் மிளகு காயப்போட்டிருந்தான். பைக்கிலிருந்து மூட்டையை இறக்க ஓடிவந்து கைகொடுத்தான். "இது இருக்கட்டும் ராசப்பா, வந்து எடுத்துக்கறேன்" என்றேன். துண்டை அவன் எதிரிலேயே கிழித்து, ஒரு பாதியால் மூட்டையின் வாயைக் கட்டினேன். முகாமில் போர்த்தினார்களே, அதே துண்டு. அவன் முகம் மலர்ந்துபோனது.

"வக்கீலய்யாவும் நம்மாளாயிட்டீங்க" என்றான். உள்ளே திரும்பி, "ஆயா, இங்க வந்து பாரு. வக்கீலய்யா நம்ம ஊட்டுல மூட்டை வெக்கறாரு" என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டான். ஆயம்மாள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று பார்த்தாள். என் கையிலிருந்த மறுபாதியைக் காட்டி, "பத்தரமா வெச்சுக்கங்க. இது தொலையக் கூடாதுங்க" என்றான் ராசப்பன். எனக்கே பாடம் நடத்தினான். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

அப்புறம் போலீசுக்குத் தகவல் போனது. எப்படிப் போனது என்பதையும் விட்டுவிடுங்கள்.

மறுநாள் காலையில் உங்கள் சப்-இன்ஸ்பெக்டர் முரளி வந்தார். நான் தனபால் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு எனக்கு முகாம் இருந்தது, அதனால் நான் அங்கே இருந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. முரளியை விட்டிருந்தால் என்ன செய்திருப்பார் தெரியுமா? தடதடவென்று உள்ளே புகுந்து, மூட்டையைத் தூக்கி ஜீப்பில் போட்டு, ஸ்டேஷனுக்கு வந்து, ஜீப் டிரைவரையும் டிரைவரின் மச்சானையும் சாட்சியாகப் போட்டுப் பறிமுதல் மகஜர் எழுதியிருப்பார். அந்த மாதிரி கேஸை நான் தூக்கக் கலக்கத்தில் உடைப்பேன். ஊர்க்காரர்கள் யாரும் சாட்சிக் கையெழுத்துப் போட வரவில்லை. நானும் தனபாலும் வருகிறோம் என்று எழுந்தேன். முரளிக்கு உயிர் வந்தது.

வாசலிலேயே நிறுத்தினேன். புதுச் சட்டப்படி சோதனையை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை வீடியோ எடுக்க வேண்டும், இடையில் நிறுத்தக் கூடாது என்றேன். ஆயம்மாள் இருந்ததால் பெண் போலீஸ் வரும்வரை உள் அறைக்கு யாரையும் விடவில்லை. உள்ளே போகிற போலீசார் சட்டைப்பையில் எதையும் கொண்டுபோகவில்லை என்று ராசப்பனுக்குக் காட்டச் சொன்னேன். எடை, முத்திரை, மாதிரி எடுத்தது எல்லாவற்றையும் அவன் கண் முன்னால் செய்ய வைத்தேன். மகஜர் நகலை அவன் கையில் கொடுக்கச் சொன்னேன். ராசப்பனுடைய உரிமை ஒன்றுகூட மீறப்படாமல் கூடவே நின்று பார்த்துக்கொண்டேன். அதனால்தான் அந்தக் கேஸில் இன்றுவரை ஒரு சொத்தைகூட யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. இலவச வக்கீல் ஒருவரைக் கொடுத்திருக்கிறார்கள், பாவம், தலைகீழாக நின்று பார்க்கிறார்.

அவனுக்கு நான் சந்தர்ப்பம் கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. முரளி வாசலில் கால் வைத்தபோது நான் ராசப்பன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாரண்ட் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், மூட்டை என்னுடையது என்று அங்கேயே சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவன் போலீஸைப் பார்த்து, "வாங்க வாங்க. சாப்புட்டீங்களா?" என்றான்.

வீடியோவில் நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதே பேச்சு, அதே முகம், சிரிப்பே இல்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அன்றைக்கு முகாமிலும் இவன் கேலி செய்யவில்லையோ, வீட்டுக்கு வந்தவனிடம் முதலில் என்ன கேட்க வேண்டுமோ அதைத்தான் தனக்குத் தெரிந்தபடி சொன்னானோ என்று தோன்றியது. தோன்றியது என்பதற்காக ஆரம்பித்த சோதனையை நிறுத்த முடியுமா? நடைமுறை என்று ஒன்று இருக்கிறது.

மூட்டையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். "இது யாருது?" என்றார் முரளி. நீங்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது இந்த இடத்தைத்தான் இல்லையா? ராசப்பன் என்னைப் பார்த்தான். பயமே இல்லாமல் பார்த்தான். ரோட்டில் நிற்கிறவன் பஸ் வருகிற திசையைப் பார்க்கிற மாதிரி இருந்தது. நான் துண்டின் மறுபாதியை எடுத்துக் காட்டுவேன் என்று காத்திருந்தான். நான் மகஜர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் ஊட்டுல இருக்குதுங்க. நாந்தான் பொறுப்பு" என்றான்.

முரளி மறுபடி கேட்டார். அவன் மறுபடி என்னைப் பார்த்துவிட்டு அதையே சொன்னான். உள்ளே இருந்தது என்ன என்று பிரித்துக் காட்டியபோதுதான் அவன் முகம் மாறியது. அப்போதும் மூன்றாவது தடவை என்னைப் பார்த்தான், ஆனால் பெயரைச் சொல்லவில்லை. ஆயம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ சும்மா இரு ஆயா. வெச்சவங்க வந்து எடுத்துக்குவாங்க" என்று அவளை அடக்கிவிட்டான். அது வீடியோவில் சரியாக விழவில்லை, நான் பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. நல்ல பேனாவாக வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

வீடியோவை முழுசாக எடுக்கச் சொன்னது நான்தான் என்று நீங்கள் காலையில் ஞாபகப்படுத்தினீர்கள். உண்மைதான். அரைகுறையாக எடுக்க விட்டிருந்தால் அந்தப் பார்வை உங்கள் கைக்கு வந்திருக்காது. ஆனால் அரைகுறை வேலை என் கண்ணெதிரில் நடந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது மேடம், அது என் சுபாவம்.

மிளகுப் பருவத்தில் உள்ளே போனான், மறுபடி மிளகு பழுக்க ஆரம்பித்துவிட்டது. ஜாமீன் மனு தள்ளுபடியானது. விசாரணை முடிந்தால் பத்து வருஷத்துக்குக் குறையாது, அவனுக்கும் அதைச் சொல்லியிருப்பார்கள். அத்தனைக்கும் அவன் வாயைத் திறக்கவில்லை, கூட நின்று பார்த்த ஆயம்மாளையும் திறக்க விடவில்லை. வக்கீல் கேட்டாலும் சொல்லவில்லை, நீங்கள் ஜெயிலுக்கே போய்க் கேட்டபோதும் சொல்லவில்லை. முகாமில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரிலும் பேசாமல் இருக்கிற உரிமையைப் பிடித்துக்கொண்டவன் அவன் ஒருவன்தான். அந்த மட்டில் என் பாடம் வீண் போகவில்லை என்று பெருமையாகக்கூட இருந்தது. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

போன மாதம் ஆயம்மாள் பேளுக்குறிச்சிக்கு வந்தாள். சந்தை நாள். தலையில் ஒரு கூடையோடு என் வீட்டு வாசலில் நின்றாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். கத்தப்போகிறாள், மண்ணை வாரித் தூற்றப்போகிறாள் என்று எதிர்பார்த்தேன். அப்படி வந்திருந்தால் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, மிரட்டல் வழக்குப் போட்டிருப்பேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "சாப்புட்டீங்களாங்க?" என்றாள்.



"ஜெயில்ல போயி அவரைப் பாத்துப்போட்டு வாரேனுங்க. உங்களண்ட ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாரு" என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள், நான் கூச்சப்படுவேன் என்று நினைத்தாளோ என்னவோ. "அந்தப் பாதித் துண்டு தொலைஞ்சுபோச்சுங்களா? அதனாலதான் வராம இருக்கறீங்களோன்னு கேட்டாருங்க. தொலைஞ்சாலும் பரவால்லீங்க. உங்க மூஞ்சி எங்களுக்குத் தெரியுமில்லீங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு எடுத்துக்கங்க. அவரு ஊட்டுக்கு வந்துருவாரு."

அவளுக்கு என்ன சொல்வது? வக்கீல் இல்லாமல் யாரிடமும் எதுவும் பேசக் கூடாது என்பது நான் சொல்லிக்கொடுக்கிற முதல் விதி. அதைக் கடைப்பிடித்தேன். ருக்குமணி உள்ளேயிருந்து வந்து அவளைச் சாப்பிடச் சொன்னாள். வேண்டாமுங்க என்று கூடையை எடுத்துக்கொண்டாள். கூடையில் இருந்த மரவள்ளிக்கிழங்கை மட்டும் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். ருக்குமணி அதை வேகவைத்தாள். நான் சாப்பிடவில்லை. எனக்கு மரவள்ளி ஆகாது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அவள் கேட்டதில் எதற்கு எரிச்சல் என்று யோசித்துப் பார்த்தேன். தொலைத்துவிட்டேனா என்று கேட்டதுதான் காரணம். ஒரு கட்சிக்காரனுடைய துண்டுச் சீட்டைக்கூட நான் தொலைத்ததில்லை.

இவ்வளவுதான் மேடம். மூட்டையை வைத்தது நான், தகவல் போகச் செய்தது நான், சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் நான். ராசப்பனுக்கு அந்தக் கஞ்சாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட கோர்ட்டுக்குப் போகாது. அவன் அங்கேயே இருப்பான், நான் இரண்டு நாளில் வெளியே வந்துவிடுவேன். அதில் எனக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை, சட்டம் அப்படித்தான் இருக்கிறது. அவனும் சட்டம் படித்துவிட்டு வந்து எனக்குச் சமமாகப் பேசட்டும்.

என்ன, பேனாவை மூடிவிட்டீர்கள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டீர்கள். முகத்தைப் பார்த்தால் தோற்றுப்போன மாதிரித் தெரிகிறது.

"சரிங்க சார்" என்கிறீர்கள். "அந்தப் பாதித் துண்டு அன்னிக்கே வழியில எங்கியாச்சும் வுழுந்திருக்கும். உங்களாட்டம் பெரியவங்க அந்தக் கந்தலையெல்லாம் பத்தரப்படுத்தியா வெச்சிருக்கப் போறீங்க. தொலைஞ்சுதான் போயிருக்கும். ராசப்பன்கிட்ட அப்படியே சொல்லிப்போடறேன்."

விழவில்லை மேடம். அவனிடம் அப்படிச் சொல்லாதீர்கள். நான் எதையும் தொலைக்கிறவன் அல்ல. மூட்டையைத் திரும்ப எடுக்கும்வரை துண்டைத் தொலைக்கக் கூடாது என்பது அந்த மலையில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? என் வீட்டு பீரோவில் மேல்தட்டில் கறுப்புக் கோட்டு இருக்கிறது. அதற்கு அடியில் மடித்து வைத்திருக்கிறேன், அந்துருண்டை போட்டு. ருக்குமணிக்குத் தெரியாது, சாவி என் சட்டைப்பையில் இருந்தது, நீங்கள்தான் வாங்கி வைத்திருக்கிறீர்கள்.

போகும்போது உள்ளூர்ச் சாட்சிகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பீரோவைத் திறப்பதற்கு முன்னாலேயே வீடியோவை ஆரம்பித்துவிடுங்கள், இடையில் நிறுத்தாதீர்கள்.